கிழிந்த ஸ்பீக்கரும் ஜிம்மி பேஜும்

பெர்த்தில் இருக்கும் அங்கிளுக்கும் எனக்கும் நாற்பது வருஷமாக ஒரே ஒரு சண்டை. 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் என்ற ராக் குழு பதிந்த 'யூ ரியலி காட் மி' பாட்டின் நடுவில் கொஞ்ச நேரம் ஒரு கிட்டார் தறிகெட்டு ஓடும். அதை வாசித்த கை யாருடையது என்பதுதான் வழக்கு. அவர், பின்னால் லெட் ஜெப்பலின் குழுவில் பேர் வாங்கிய ஜிம்மி பேஜ் என்பார். நான் இல்லை என்பேன். போன மாதம் அதிகாலை நாலரை மணிக்கு வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்து விழுந்தது. அங்கே மணி ஏழு. காபி குடித்துவிட்டுத் தெம்பாக உட்கார்ந்திருப்பார்.

"என்னா மேன், இன்னும் தூங்குறியா? யூடியூப்ல ஒருத்தன் புட்டுப் புட்டு வைக்கிறான். அது பேஜ்தான். இனிமே நீ வாயைத் தொறக்காதே."

அவருக்கு எண்பத்து மூன்று வயது. அந்த வயதில் அவரே வாயை மூடவில்லை, நான் ஏன் மூட வேண்டும்? எழுதியே விடுகிறேன்.

நான் பொன்மலையில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அப்போது காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. அங்கிள் என்ஜின் டிரைவர், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு லைன் தள்ளி இருந்தார். 1983-ல், நான் பத்தாவது படிக்கும்போது, அவர் வீட்டு ரேடியோகிராம், அதாவது ரேடியோவும் இசைத்தட்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி, கரகரவென்று இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது. இந்தப் பையன் ரேடியோ நோண்டுவான் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வால்வு சாக்கெட்டில் துரு. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சொருகினேன், பாடியது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த வீட்டில் எனக்கும் ஒரு தட்டு உண்டு. மஞ்சள் தேங்காய்ச் சோறு, கறி உருண்டைக் குழம்பு. சாப்பாடு முடிந்தால் இசைத்தட்டு. இசைத்தட்டு முடிந்தால் சண்டை.

அங்கிள் ஒரு கட்சி. ரயில் கார்டாக இருந்த அவர் மச்சினர் எதிர்க்கட்சி. தட்டின் உறையில் பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும், தயாரிப்பாளர் பெயர் இருக்கும். எந்தக் கம்பியை எவன் அடித்தான் என்று பல உறைகளில் இருக்காது. ஆகவே காதுதான் சாட்சி, குரல்வளைதான் வக்கீல். ஆன்ட்டி கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஆடை கட்டும்வரை நடக்கும். எனக்குப் பாதி ஆங்கிலம் புரியாது. ஆனால் சண்டை போட்டவர்கள் அவ்வளவு அழகாகச் சண்டை போட்டதால்தான் நான் ராக் இசை கேட்க ஆரம்பித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

வழக்குப் பாட்டு கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மி'. 1964 ஆகஸ்டில் வந்து, அடுத்த மாதம் இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போனது. அதற்கு முன் அவர்கள் போட்ட இரண்டு தட்டும் ஊற்றிக்கொண்டவை. இந்தப் பாட்டையே முதலில் மெதுவாக, எதிரொலியெல்லாம் பூசி ஒரு தடவை பதிந்திருக்கிறார்கள். எழுதிய ரே டேவிஸுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி பதிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஜூலையில், போர்ட்லண்ட் பிளேஸில் இருந்த ஐபிசி ஸ்டுடியோவில் இரண்டாம் முறை பதிந்ததுதான் நாம் கேட்பது. தயாரிப்பாளர் ஷெல் டால்மி என்ற அமெரிக்கர். லீட் கிட்டார், அதாவது முன்னால் நின்று மெட்டு பேசும் கிட்டார், ரேயின் தம்பி டேவ் டேவிஸ். அப்போது டேவுக்கு வயது பதினேழு.

அந்தப் பதினேழுதான் அங்கிளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

"பதினேழு வயசுல நீ என்னா பண்ணே மேன்? என் ரேடியோகிராம்ல மூணு ஃபியூஸ் எரிச்சே. அந்த வயசுப் பையன் இப்படி வாசிப்பானா?"

பேஜுக்கு அப்போது இருபது வயது. லண்டன் ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசிக்கும் செஷன் கிட்டார்காரர்களில் அதற்குள் பெயர் வாங்கிவிட்டவர். மூத்தவர் ஜிம் சல்லிவனை 'பெரிய ஜிம்' என்றும் இவரைச் 'சின்ன ஜிம்' என்றும் சொல்வார்கள். காலை பத்திலிருந்து ஒன்று, மதியம் இரண்டிலிருந்து ஐந்து, இரவு ஏழிலிருந்து பத்து என்று மூன்று மணிநேர ஷிஃப்ட். உள்ளே போய் உட்காரும்வரை யாருடைய பாட்டு என்றுகூடத் தெரியாது. முடிந்ததும் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டுடியோ. நம்மூர் கல்யாண சீசன் நாதஸ்வரக்காரர் பாடுதான். அதிலும் டால்மி அடிக்கடி கூப்பிடும் ஆள் பேஜ். கிங்க்ஸ் குழுவின் முதல் எல்பியில் சில பாட்டுகளுக்கு ரிதம், அதாவது பின்னால் தாளத்தோடு கார்டு அடிக்கும் கிட்டார், வாசிக்கவும் டால்மி அவரைக் கூப்பிட்டிருக்கிறார். இது போதாதா? பின்னால் அவர் லெட் ஜெப்பலின் ஆரம்பித்து உலகத்தையே ஆட்டிவைத்ததும், ஜனங்கள் திரும்பிப் பார்த்து, அந்தப் பழைய பாட்டில் இருந்த வெறியையும் அவர் கணக்கிலேயே வரவு வைத்துவிட்டார்கள்.

ஆனால் டேவ் 'நான்தான்' என்கிறார். பேஜ் 'நான் இல்லை' என்று ஒரு தடவைக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். டால்மியும் சோலோ, அதாவது நடுவில் கிட்டார் தனியாக ஓடும் அந்த இடம், பேஜ் இல்லை என்றார். குற்றம் சாட்டப்பட்டவரே மறுத்து, மேஸ்திரியும் மறுத்த பிறகும் அறுபது வருஷமாக ஓடும் வழக்கு உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

ரே டேவிஸ் எழுதியிருக்கும் ஒரு சங்கதியும் உண்டு. சோலோ தொடங்கும் நேரத்தில் தம்பிக்கு உற்சாகம் கொடுக்கிறேன் பேர்வழி என்று ரே கத்த, கவனம் கலைந்த தம்பி பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினாராம். அண்ணன் தம்பிக்குள் மட்டும் வரும் திட்டு அது. கூலிக்கு வந்த ஆள் முதலாளியை அப்படித் திட்டினால் அடுத்த வாரம் வேலை இருக்காது. நான் நீதிபதியாக இருந்தால் இந்த ஒரு சாட்சியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டில் டிரம்ஸ் வாசித்தது உண்மையிலேயே வெளி ஆள். பாபி கிரஹாம் என்ற செஷன்காரர். குழுவின் சொந்த டிரம்மர் மிக் ஏவரியின் கையில் தம்புரின் கொடுத்து ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். அதைப் பற்றி அங்கிளும் சண்டை போடவில்லை, மச்சினரும் போடவில்லை. டிரம்ஸ் யார் என்று கேட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்ட ரசிகனை நான் இதுவரை பார்த்ததில்லை.

பொய்க்குப் பக்கத்து வீட்டில் எப்போதும் ஒரு உண்மை குடியிருக்கும். அதே டால்மி, அதே ஊர், சில மாதம் கழித்து 'தி ஹூ' குழுவின் 'ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்'. 1965 ஜனவரியில் இங்கிலாந்தில் வந்தது. கிங்க்ஸ் பாட்டைக் கேட்டுவிட்டு அதே பாணியில் எழுதியது என்று பீட் டவுன்ஷெண்டே ஒப்புக்கொண்ட பாட்டு. அதில் பேஜ் இருக்கிறார், ரிதம் கிட்டாரில். லீட் டவுன்ஷெண்ட்தான். தட்டைத் திருப்பிப் போட்டால் பின்பக்கப் பாட்டில் வரும் கரகர ஃபஸ் கிட்டாரும் பேஜ். ஆக, பேஜ் ஒரு பாட்டில் இருந்தார், இன்னொன்றில் இல்லை. இரண்டும் ஒரே ஜாடை. அங்கிளின் ரேடியோகிராமுக்கு அடியில் இரண்டும் அடுத்தடுத்துதான் அடுக்கியிருக்கும்.

இனி என் தொழில் பக்கத்துக்கு வருகிறேன். நான் ரேடியோ மெக்கானிக். பொன்மலைப்பட்டியில் முப்பத்து நாலு வருஷமாகக் கடை. இப்போது ரேடியோ வருவதில்லை. மைக் செட்காரர்களின் ஆம்ப், சர்ச் கீபோர்டு, கிழிந்த ஸ்பீக்கர் இவைதான் வருகின்றன. அதனால் இந்தப் பாட்டை நான் கேட்பது கிட்டார்காரன் காதால் இல்லை. எது ரிப்பேர் என்ற காதால்.

டேவிடம் பச்சை நிறத்தில் எல்பிகோ என்ற ஒரு சின்ன ஆம்ப் இருந்தது. சத்தம் சாதுவாக இருக்கிறது என்று எரிச்சலில், சவரப் பிளேடால் அதன் ஸ்பீக்கர் கோனைக் கீறிவிட்டார். கோன் என்பது வெறும் பேப்பர்தான். கீறினால் கீறல் இரண்டு உதடாகி ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு பர்ர்ர் என்று வரும். மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுவாரம் என் கடைக்கு வரும் பாதி ஸ்பீக்கர் அந்தச் சத்தத்தோடுதான் வரும். நான் அதைப் போக்கக் காசு வாங்குகிறேன். அந்தப் பையன் அதை வரவழைத்து நம்பர் ஒன் ஆனான்.

அந்தச் சின்ன ஆம்பின் அவுட்டை வாக்ஸ் ஏசி30 என்ற பெரிய ஆம்பின் உள்ளே கொடுத்தார் என்பதும் கதையில் உண்டு. இங்கேதான் எனக்கு ஒரு குடைச்சல். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்து எடுத்துப் பெரிய ஆம்புக்குக் கொடுத்தால், பேப்பர் கிழிந்த சத்தம் ஒயர் வழியாகப் போகாது. பேப்பர் கிழிந்தது காற்றில் கேட்கும், ஒயருக்குத் தெரியாது. ஒயரில் போவது சின்ன ஆம்ப் தாங்க முடியாமல் கதறுகிற கதறல் மட்டும்தான். ஆகவே அந்தப் புகழ்பெற்ற ஒலியில் பிளேடுக்கு எவ்வளவு பங்கு, திணறிய வால்வுக்கு எவ்வளவு பங்கு என்பது பேஜா டேவா என்பதைவிடப் பெரிய கேள்வி. இதை அங்கிளிடம் சொன்னால், "ஒயர் பத்தி யாரு மேன் கேட்டா?" என்பார்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு இந்த 'வாசித்தது யார்' நோயின் முழு வரலாற்றையும் சொல்லலாம். 'தி டிரெய்ன் கெப்ட் எ-ரோலின்'. டிரைவர் வீட்டில் அது ஓடாத ஞாயிறு கிடையாது.

1951-ல் டைனி பிராட்ஷா பாடியது முதல். அதில் சாக்ஸபோன்தான் ராஜா, சண்டைக்கு வழியில்லை. 1956 ஜூலையில் ஜானி பர்னெட்டின் மூவர் குழு அதை நாஷ்வில்லில் ஓவன் பிராட்லியின் ஸ்டுடியோவில் பதிந்தது. அதில் கிட்டார் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் ஒரே சமயத்தில் சேர்ந்து கரகரக்கும். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சத்தத்தை வேண்டுமென்று யாரும் தட்டில் போடமாட்டார்கள். குழுவின் கிட்டார்காரர் பால் பர்லிசன் சொன்ன கதை: ஒரு கச்சேரிக்கு முன் ஆம்ப் கீழே விழுந்தது, உள்ளே ஒரு வால்வு லூஸானது, சத்தம் வினோதமாக இருந்தது, பிடித்துப்போய் பிறகு வேண்டுமென்றே வால்வை நெகிழ்த்தி வாசித்தேன்.

எனக்கு இந்தக் கதை உயிர். பர்லிசன் மெம்ஃபிஸில் கிரவுன் எலெக்ட்ரிக் என்ற கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். எல்விஸ் பிரெஸ்லி லாரி ஓட்டிய அதே கம்பெனி. நம்ம ஜாதி, ஸ்க்ரூடிரைவர் ஜாதி. அதனாலேயே பல வருஷம் அவர் பக்கம் நின்று பேசியிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பதிவில் நாஷ்வில்லின் பெரிய செஷன்காரர் கிரேடி மார்ட்டினும் இருந்தார். தட்டில் கேட்கும் லீட் அவருடைய கை என்று நோண்டிப் பார்த்தவர்கள் பலர் சொல்கிறார்கள். நான் முதலில் அடித்துப் பேசினேன். பிறகு ஒரு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ஹெட்போனில் முப்பது தடவை கேட்டேன். லூஸ் வால்வை எனக்குத் தெரியும். அது விட்டுவிட்டு வரும். தொட்டால் போகும், தட்டினால் வரும், பாட்டு நடுவில் கழுத்தறுக்கும். இந்தத் தட்டில் கரகரப்பு முதலிலிருந்து கடைசிவரை பிடித்து வைத்தாற்போல் நிற்கிறது. விரலும் அவசரப்படவே இல்லை. ஆயிரம் பாட்டுக்கு வாசித்துத் தேய்ந்த கை அது. எலெக்ட்ரீஷியன் கட்சியிலிருந்து அன்று ராத்திரி நான் விலகினேன். மனசில்லாமல்தான்.

கிரேடி மார்ட்டின் பெயர் வந்தபிறகு இதைச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். அதே பிராட்லியின் ஸ்டுடியோவில், மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளிவந்த 'டோன்ட் ஒர்ரி' என்ற பாட்டுக்கு மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, மிக்சிங் கன்சோலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கோளாறாகி, சத்தம் குளவி மாதிரி ரீங்கரித்தது. அழித்துவிட்டு மறுபடி எடுப்பதுதான் முறை. அப்படியே விட்டார்கள், பாட்டு ஓடிவிட்டது. எஞ்சினியர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறையே வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர் வைத்து ஒரு பெட்டி செய்து கிப்சன் கம்பெனியிடம் கொடுத்தார். 1962-ல் மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்கு வந்து, கடைகளில் தூங்கியது. 1965-ல் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்து 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' வாசித்த பிறகு அலமாரி காலி. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போனதில் பிறந்த வியாபாரம்! என் கடையில் மாதம் நாலு டிரான்ஸ்ஃபார்மர் போகிறது, ஒன்றும் பிறக்கவில்லை.

ரயிலுக்குத் திரும்புவோம். 1965-ல் யார்ட்பேர்ட்ஸ் குழு மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில் அதே பாட்டை எடுத்தார்கள், கிட்டார் ஜெஃப் பெக். அடுத்த வருஷம் 'புளோ-அப்' படத்துக்காக வரிகளை மாற்றி 'ஸ்ட்ரோல் ஆன்' என்று வாசித்தபோது பெக்கும் பேஜும் சேர்ந்து நிற்கிறார்கள். 1968-ல் லண்டன் ஜெரார்ட் தெருவில் ஒரு நிலவறையில் லெட் ஜெப்பலின் நால்வரும் முதல்முறை கூடியபோது எடுத்த முதல் பாட்டும் இதுதான். பேஜ் இந்த ரயிலைத் துரத்திக்கொண்டே இருந்திருக்கிறார்.

1974-ல் ஏரோஸ்மித். 'கெட் யுவர் விங்ஸ்' எல்பியில் இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டு. நான் தோற்றது இங்கே. கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கும் ஒரு சார் தன் ஆம்பை சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜோ பெர்ரியின் கிட்டாரைப் பார்த்தீங்களா சார், என்றேன். அவர் சிரித்தார்.

"அது பெர்ரி இல்லீங்க."

"என்ன சார் சொல்றீங்க? அவங்க குழு, அவங்க தட்டு, அவரு இல்லாம?"

"பந்தயம்?"

தோற்றால் சர்வீஸ் சும்மா என்றேன். வாய்க்கொழுப்பு. அந்த சோலோக்களை வாசித்தவர்கள் ஸ்டீவ் ஹன்ட்டர், டிக் வாக்னர் என்ற இரண்டு கூலிக் கைகள். உறையில் அவர்கள் பெயர் கிடையாது. ஜனங்களுக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. இன்னொரு அடி: பின்பாதியில் மேடைக் கச்சேரி போலக் கூட்டம் கத்துகிறதே, அதுவும் ஸ்டுடியோவில் ஒட்டவைத்த கைதட்டல். நியூயார்க்கில் நாலு சுவருக்குள் நடந்ததை மைதானம் என்று நம்பி, இல்லாத கூட்டத்தோடு சேர்ந்து நானும் வருஷக்கணக்காகத் தலையாட்டியிருக்கிறேன். அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டு, கூலி எல்லாம் சேர்த்து என் பையிலிருந்து.

அந்த இருவர் பெயரும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும் தட்டு வேண்டுமென்றால் லூ ரீடின் 'ராக் அன் ரோல் அனிமல்'. 1973 டிசம்பரில் நியூயார்க் மேடையில் பதிவானது, இது நிஜக் கச்சேரி. 'ஸ்வீட் ஜேன்' தொடங்கும் முன் இரண்டு கிட்டாரும் மாறி மாறிப் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு ஏரோஸ்மித்தைப் போட்டால், சார் சொன்னது எவருக்கும் புரியும். எனக்குத்தான் அன்றைக்கு அந்தத் தட்டைத் தெரியாது.

பீட்டில்ஸ் விஷயத்தில் வாக்குவாதம் இல்லை, வருத்தம்தான். 1966-ல் வந்த 'டாக்ஸ்மேன்' ஜார்ஜ் ஹாரிசன் எழுதிப் பாடியது. குழுவின் லீட் கிட்டாரும் அவர்தான். ஆனால் அதில் கத்தி மாதிரி பாயும் சோலோ பால் மெக்கார்ட்னி வாசித்தது. அதில் நம்ம ஊர் வாடை கொஞ்சம் அடிக்கும். எனக்காக ஒரு இந்தியச் சங்கதி போட்டான் என்று ஹாரிசன் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் பாட்டு தேயும்போது வருவது புதிதாக வாசித்ததுகூட இல்லை, அதே சோலோவைப் பிரதி எடுத்து ஒட்டியது. ஆன்ட்டி ஜார்ஜ் கட்சி. இதைச் சொன்ன அன்று எனக்குக் காபி வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஹாரிசனே தன் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டுக்கு எரிக் கிளாப்டனைக் கூட்டிவந்தார். உறையில் பெயர் இல்லை. பதிலுக்கு கிளாப்டனின் கிரீம் குழுவுக்கு 'பேட்ஜ்' பாட்டில் ஹாரிசன் ரிதம் வாசித்தார். அங்கே பெயர் 'லாஞ்செலோ மிஸ்டெரியோஸோ'. வேறு வேறு கம்பெனி ஒப்பந்தம், அதனால் முகமூடி. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை மாற்றிக்கொள்வது போல் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதைப் பச்சையாகவே செய்தார்கள். பைர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டம்பூரின் மேன்' 1965 ஜனவரியில் பதிவானபோது குழுவிலிருந்து வாத்தியம் தொட்டவர் பன்னிரண்டு கம்பி கிட்டாரோடு ரோஜர் மக்வின் ஒருவர்தான். டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் லாரி நெக்டல், இன்னும் சிலர், எல்லாம் ஹாலிவுட் செஷன் ஆட்கள்.

இந்த வழக்குகளிலேயே தீராத ஒன்று பாடகர் டோனவனின் 'ஹர்டி கர்டி மேன்', 1968. பீட்டில்ஸோடு ரிஷிகேஷ் போயிருந்தபோது எழுதிய பாட்டு. அடியில் தம்புரா சுருதி ஓடும், அது ஹாரிசன் கொடுத்த தம்புரா. மேலே ஒரு கிட்டார் பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி இழுபடும். யார்? டோனவன் பல வருஷமாகச் சொன்ன பெயர்கள்: ஜிம்மி பேஜ், ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த், டிரம்ஸுக்கு ஜான் பானம். ரசிகர்களுக்கு வாயெல்லாம் பல். பேஸும் இசைக்கோப்பும் ஜான் பால் ஜோன்ஸ். அவரும் பேஜும் பானமும் பின்னால் லெட் ஜெப்பலின் ஆட்கள், ஆகவே லெட் ஜெப்பலின் பிறப்பதற்கு முன்பே கருவில் இருந்த பாட்டு! ஆனால் அன்று ஆட்களைக் கூட்டி, நோட்ஸ் கொடுத்து உட்காரவைத்த ஜோன்ஸே சொல்கிறார்: கிட்டார் ஆலன் பார்க்கர், டிரம்ஸ் கிளெம் கட்டினி. இரண்டு பேருமே செஷன்காரர்கள்.

நான் ஜோன்ஸை நம்புகிறேன். காரணம் காது இல்லை. பாடுகிறவன் ஸ்டுடியோக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் குரலைப் பற்றிய பயத்தில் நிற்பான். கோர்த்தவனுக்குத்தான் எந்த நாற்காலியில் யார் என்று தெரியும். ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு ஒலி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பாடகர்களைக் கேட்டால் அன்றைக்கு பேஸ் வாசித்தது யார் என்று சத்தியமாகச் சொல்லத் தெரியாது. ஆலன் பார்க்கர் என்ற பெயரைச் சொல்லி நாலு பேர் முன்னால் மார்தட்ட முடியாது, அதுதான் அவர் செய்த பாவம். அங்கிளிடம் இதைச் சொன்னபோது, "யாரு மேன் பார்க்கர்? பேனா கம்பெனியா?" என்றார்.

சரி, பேஜ் எதிலும் இல்லையா என்றால், இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறார். ஜோ காக்கர் 1968-ல் பாடிய 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' லீட் அவர். 1966 மே மாதம், அதே ஐபிசி ஸ்டுடியோவில் 'பெக்ஸ் பொலேரோ'வில் பன்னிரண்டு கம்பி கிட்டார் அவர். அங்கே சண்டை வேறு: வாசித்தது யார் என்பதில்லை, இயற்றியது யார். தட்டில் பேஜ் பெயர். பெக் தனக்கும் பங்குண்டு என்று கடைசிவரை சொன்னார். எனக்கு அதில் பிடித்தது நடுவில் வரும் கூச்சல். 'தி ஹூ' குழுவின் கீத் மூன் டிரம்ஸ் வாசிக்க வேஷம் போட்டு ஒளிந்து வந்தவர், வெறியில் கத்திக்கொண்டே மைக்கை அடித்துத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை டிரம்ஸில் சிம்பல் என்ற பித்தளைத் தகடு மட்டும்தான் கேட்கும். அந்த டிரம்ஸ் யார் என்று சந்தேகப்பட அவசியமே இல்லை. விழுந்த மைக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

ஷெல் டால்மி 2024 நவம்பரில் காலமானார். ஜேம்ஸ் பாண்ட் தீமின் கிட்டாரை வாசித்த விக் ஃபிளிக்கும் அதே வாரம். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யூடியூபில் புட்டுப் புட்டு வைப்பவர்கள் மட்டும் பெருகுகிறார்கள்.

அங்கிளின் குரலைக் கேட்ட அன்று தூக்கம் போய்விட்டது. எட்டு மணிக்கே கடையைத் திறந்தேன். கிடங்கில் ஒரு பழைய வால்வு ரேடியோவின் எட்டு அங்குல ஸ்பீக்கர் கிடந்தது. அக்கா மகன் பாலிடெக்னிக் போகும் வழியில் வந்தான், கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறான், பதினேழு வயது. நான் பிளேடை எடுத்ததும், "மாமா, என்ன பண்றீங்க, நல்ல ஸ்பீக்கரு!" என்று கையைப் பிடித்தான். பேப்பரில் மூன்று கீறு. இசைத்தட்டு பிளேயரிலிருந்து பிடுங்கிய சின்ன வால்வு ஆம்பில் கிட்டாரைச் சொருகினேன். அவுட்டில் ஒரு ரெசிஸ்டர் வைத்துக் குறைத்து, சர்வீஸ் முடிந்து நின்ற பெரிய ஆம்புக்கு ஒயர் இழுத்தேன். நான் நினைத்ததுதான். ஒயர் வழியாக வந்ததில் கிழிசல் இல்லை, கதறல் மட்டும். சின்ன ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிந்தால் பேப்பர் பர்ர்ர் என்று அடித்துக்கொள்வது தனியாகக் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஏறக்குறைய அதே வெறி.

பையனுக்கு அந்தப் பாட்டே தெரியாது. ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரியைக் காட்டிக்கொடுத்தேன். இரண்டு கார்டு, பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான். சோலோவுக்கு என்ன வாசிக்க என்றான். உன்னை யாராவது திட்டினால் எப்படி இருக்கும், அப்படி வாசி என்றேன். ஸ்கேலெல்லாம் இல்லாமல் வாரி இறைத்தான்.

எதுவும் எழுதாமல் அதை மட்டும் பெர்த்துக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

"பாத்தியா மேன்! எங்கே புடிச்சே இதை? ஸ்டுடியோ டேக்கா? கை தெரியுதா உனக்கு? இதுதான் பேஜ். இப்ப என்னா சொல்றே?"

இன்னும் பதில் போடவில்லை. ஸ்பீக்கரை ஃபெவிபாண்ட் வைத்து ஒட்டி வெயிலில் காயப் போட்டிருக்கிறேன்.